1965, 66 மஸ்டாங் கன்வெர்டிபிள்: வாங்கும் முன் அடியிலிருந்து பார்க்கும் முழு வழிகாட்டி

நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில், ரூட் 1 சாலையோரம் ஒரு பெரிய கடை வளாகம் இருக்கிறது. 2004 வரை அது ஃபோர்டு ஆலை. கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் கிரேட் மால் நிற்கும் இடமும் அப்படித்தான், 1983 வரை ஃபோர்டு ஆலை. இரண்டு ஊரிலும் தமிழர்கள் ஏராளம். வாராவாரம் நாம் வண்டியை நிறுத்திவிட்டுச் சாமான் வாங்கும் அதே நிலத்தில்தான் 1960களில் மஸ்டாங் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வெளியே வந்தன. மூன்றாவது ஆலை, மூத்த ஆலை, மிச்சிகனின் டியர்போர்னில் இருந்தது.

அந்த வண்டிகளில் நிறைய இன்னும் ஓடுகின்றன, விற்பனைக்கும் வருகின்றன. கூரை மடங்கும் கன்வெர்டிபிள் மேல்தான் எல்லோருக்கும் கண். சிவப்புப் பெயின்ட், வெள்ளைக் கூரை, எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் என்று படத்தைப் பார்த்ததும் மனசு போய்விடும். நண்பர்களோடு இப்படிப் பல வண்டிகளைப் பார்க்கப் போனதில் நான் கற்றது ஒன்றுதான்: கூரை இல்லாத காரில் தரைதான் கூரையின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதனால் பெயின்டையும் இன்ஜினையும் கடைசியில் பாருங்கள். முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான்.

முதலில் கதை

வரலாறு தெரியாமல் இந்த வண்டியை வாங்க முடியாது. விற்பவர் சொல்லும் ஆண்டும் பெயரும் விலையும் அதை வைத்தே நிற்கின்றன.

ஃபோர்டு பிரிவின் தலைவராக இருந்த லீ ஐயகோக்கா, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலையில் ஸ்போர்ட்ஸ் கார் தோற்றமுள்ள ஒரு வண்டி வேண்டும் என்று நின்றார். ஃபோர்டின் எட்செல் கார் தோற்றுப் பெரும் நஷ்டம் ஆகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. புதிதாகப் பணம் போட நிறுவனத்துக்குத் தயக்கம். அதனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபால்கன் என்ற எளிய குடும்பக் காரின் அடிப்பாகத்தையும் இன்ஜினையும் எடுத்து, மேலே புதிய உடலைப் போர்த்தினார்கள். நீண்ட பானட், குட்டையான பின்பகுதி, நான்கு இருக்கை. சாதாரணக் கூரை வண்டி 2,368 டாலர், கன்வெர்டிபிள் 2,614 டாலர்.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகம். அன்று ஒரே நாளில் 22,000 ஆர்டர்கள் குவிந்தன. முதல் பன்னிரண்டு மாதத்தில் விற்றவை 4,18,812. 1966 மார்ச்சில் பத்து லட்சம் தாண்டிவிட்டது.

வரிசை எண்ணில் முதலாவதான 100001 ஒரு வெள்ளைக் கன்வெர்டிபிள். காட்சிக்கு வைக்கத்தான் அதைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த விற்பனையாளரோ ஸ்டான்லி டக்கர் என்ற விமானிக்கு அதை விற்றுவிட்டார். ஃபோர்டு திரும்பக் கேட்டது. அவர் கொடுக்கவில்லை, ஆசை ஆசையாக ஓட்டினார். கடைசியில் 1966இல், பத்து லட்சத்து ஒன்றாவது மஸ்டாங்கை வாங்கிக்கொண்டு முதலாவதைத் திருப்பிக் கொடுத்தார். இன்று அது டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் போய்ப் பாருங்கள். ஆலையிலிருந்து வந்த கன்வெர்டிபிளின் கதவு இடைவெளி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும்.

இனி எண்ணிக்கை. 1965 மாடல் ஆண்டில் 1,01,945 கன்வெர்டிபிள்கள் செய்தார்கள், 1966இல் 72,119. அப்புறம் சரிவுதான். 1970இல் வெறும் 7,673. ஏசி பரவியது, விரைவுச் சாலைகளில் கூரை திறந்து வேகமாகப் போனால் காதில் இரைச்சல், வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று அரசு கடும் விதி கொண்டுவரும் என்ற பயம் வேறு. 1973தான் கடைசி என்று தெரிந்ததும் 11,853 பேர் வாங்கினார்கள். பிறகு பத்தாண்டுக்கு மஸ்டாங்கில் கன்வெர்டிபிளே கிடையாது. 1983இல்தான் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கிரைஸ்லரில் லெபாரன் கன்வெர்டிபிளை வெளியிட்டு அந்த வழியைத் திறந்தவர்களில் ஒருவர், அதே ஐயகோக்கா.

எந்த ஆண்டு?

1964 ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வந்தவற்றை எல்லோரும் '64 அரை' என்று சொல்வார்கள். பத்திரத்தில் அவையும் 1965தான். இவற்றில் மின்சாரம் கொடுப்பது ஜெனரேட்டர். பிறகு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். 64 அரைக்குச் சிலர் கூடுதல் விலை கேட்பார்கள். ஓட்டி மகிழ வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை.

65ஐயும் 66ஐயும் முகத்தை வைத்தே பிரிக்கலாம். 65இல் முன்பக்கக் குதிரைச் சின்னத்தைச் சுற்றிய சட்டத்திலிருந்து நாலு பக்கமும் கம்பிகள் ஓடும். 66இல் சாதாரண வண்டிக்குக் கம்பி இல்லை, குதிரை தனியே மிதப்பதுபோல் நிற்கும். உள்ளே 66 முழுக்க ஐந்து வட்ட டயல்கள். 65இல் சாதாரண வண்டிக்கு ஃபால்கனிலிருந்து வந்த நீளப்பட்டை ஸ்பீடோமீட்டர். 65 என்று விற்கும் வண்டியில் 66 முகம் இருந்தால், முன்பக்கம் எப்போதோ அடிபட்டு மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

67இலிருந்து வண்டி பெருத்தது, 71இல் இன்னும் பெருத்தது. அவையும் நல்ல வண்டிகள்தான், ஆனால் அது வேறு ரசனை. முதல் முறை வாங்குபவருக்கு நான் சொல்வது 66தான்: ஆறு சிலிண்டர், அல்லது 200 குதிரைத்திறன் உள்ள சாதாரண 289 கன அங்குல வி8. கூரையைத் திறந்துவிட்டு மாலை நேரத்தில் ஊருக்குள் மெதுவாகப் போக ஆறு சிலிண்டரே தாராளம். விலையும் குறைவு.

வீட்டிலிருந்தே எண்ணைப் படியுங்கள்

போவதற்கு முன் வண்டி எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தப் பயணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

முதல் எழுத்து ஆண்டு: 5 என்றால் 1965, 6 என்றால் 1966. இரண்டாவது ஆலை: எஃப் டியர்போர்ன், ஆர் மில்பிடாஸில் இருந்த சான் ஹோசே ஆலை, டைகருக்கு வரும் டி என்றால் எடிசனில் இருந்த மெட்டுச்சன் ஆலை. அடுத்த இரண்டு இலக்கம்தான் நமக்கு உயிர். 08 என்றால் கன்வெர்டிபிள், 07 சாதாரணக் கூரை, 09 சரிந்த பின்பகுதி கொண்ட ஃபாஸ்ட்பேக். 07 எண்ணோடு ஒரு கன்வெர்டிபிள் நின்றால், யாரோ கூரையை அறுத்து எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்; ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும்.

ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். டைகர் டி 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி சாதாரண 289, ஏ 225 குதிரைத்திறன், கே 271 குதிரைத்திறன். கே எழுத்துக்கு விலை எகிறும், அதனால் போலியும் அதிகம். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண்.

இந்த எண் ஓட்டுநர் பக்க மட்கார்டின் உள்தகட்டில் அடித்திருக்கும். பானட்டைத் தூக்கி, மட்கார்டு விளிம்பில் உள்ள சின்ன வெட்டு வழியாகப் பார்க்கலாம். ஓட்டுநர் கதவின் பூட்டுப் பக்கத்திலும் ஒரு தகடு உண்டு. உடல் வகை, நிறம், தேதி எல்லாம் அதில் வரும். கன்வெர்டிபிளுக்கு உடல் வகை 76 என்று தொடங்கும். வெள்ளைக்கு எம், 65இல் வந்த ஒரு சிவப்புக்கு ஜே. ஆனால் கதவை மாற்றலாம், தகட்டைப் புதிதாகவே செய்து வாங்கலாம். உள்தகட்டில் அடித்த எண், கதவுத் தகடு, பத்திரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் வந்தால் உள்தகட்டை நம்புங்கள், அதைச் சுற்றி வெல்டிங் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1967 முதல் வந்த வண்டிகளுக்கு, ஆலையிலிருந்து அது எப்படி வந்தது என்று ஃபோர்டின் பழைய பதிவுகளிலிருந்து காட்டும் மார்ட்டி அறிக்கை வாங்கலாம். 65, 66க்கு அந்த வசதி இல்லை, கண்ணும் கையும்தான்.

இன்னொரு சுலபமான சோதனை: சக்கரத்து நட்டுகளை எண்ணுங்கள். ஆலையிலிருந்து ஆறு சிலிண்டராக வந்த வண்டிக்கு நாலு, வி8க்கு ஐந்து. வி8 இன்ஜின், ஆனால் நாலு நட்டு என்றால் இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கையும் அச்சையும் பழையபடியே விட்டிருக்கிறார்கள். இது ஆபத்து.

அடியில் படுங்கள்

ஒரு செருப்புப் பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள், வளையும். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். கூரையை எடுத்ததும் போன பலத்தை ஈடுகட்ட ஃபோர்டு கீழே இரும்பைக் கூட்டியது. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் ராக்கர் பெட்டிக்குள் தடித்த உள்தகடு, முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்கே ஒரு பலகைத் தகடு, முன்சட்டமும் ராக்கரும் சேரும் மூலையில் டார்க் பாக்ஸ் என்ற பெட்டி. கூரையை அறுத்த போலியில் இதெல்லாம் இருக்காது. உண்மையான வண்டியிலும் இந்த இடங்கள்தான் முதலில் துருப்பிடிக்கும், ஏனென்றால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

கையோடு கொண்டு போக வேண்டியவை: டார்ச், துணி சுற்றிய காந்தம், பெரிய ஸ்க்ரூடிரைவர், பழைய பாய், இரண்டு லிட்டர் தண்ணீர். வண்டியை ஸ்டாண்டு மேல் நிறுத்தியபின்தான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை நீட்டவே கூடாது.

ராக்கரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று ஒலிக்கும். பட்டி அடைத்த இடம் 'டப்' என்று செத்த ஒலி தரும். அங்கே காந்தத்தை வையுங்கள், ஒட்டாது. வெளியே பளபளவென்று புதுத் தகடு, உள்ளே பழைய துரு அப்படியே இருப்பதும் உண்டு. டிங்கரிங் செலவைக் குறைக்க மேலே ஒரு மூடியை வெல்ட் செய்துவிடுவார்கள். அதனால் அடியிலிருந்து உள்பக்கச் சுவரைப் பார்ப்பது முக்கியம். கெட்டியாகப் புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், அதற்கு அடியில் என்ன என்று கேளுங்கள். வேலை செய்தபோது எடுத்த படங்களைக் காட்டுபவரை நம்பலாம்.

பிறகு இருக்கைக்கு முன்னால் கால்மிதியைத் தூக்கித் தரையை அழுத்துங்கள். டிக்கியையும் திறங்கள். இந்தக் காரில் பெட்ரோல் டேங்கின் மேல்பகுதியே டிக்கித் தரை. அதைச் சுற்றிய விளிம்பிலும் பக்கவாட்டுப் பள்ளங்களிலும் துரு உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குக் கீழ் உள்ள தகட்டையும் விடாதீர்கள்.

தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

பலர் விட்டுவிடும் சோதனை இது. இதைச் செய்யாமல் நான் எந்த வண்டிக்கும் சரி சொல்ல மாட்டேன்.

முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு சல்லடைத் திறப்பு உண்டு. அதற்கு அடியில் கவுல் என்ற மூடிய பெட்டி. அதற்குள் குவளை மாதிரி எழும்பி நிற்கும் இரண்டு வாய் வழியாகக் காற்று உள்ளே வரும். மழைத்தண்ணீர் அந்தக் குவளைகளைச் சுற்றி ஓடிப் பக்கவாட்டில் வடிய வேண்டும். அறுபது ஆண்டில் இலையும் மண்ணும் சேர்ந்து, குவளையின் அடி துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நேராகக் கால் வைக்கும் தரைக்கு இறங்கும்.

ஒருவரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை வைத்துப் படுங்கள். மெதுவாக, இந்தப் பக்கம் ஒரு லிட்டர், அந்தப் பக்கம் ஒரு லிட்டர். ஒரு முறை நண்பருக்காகப் பார்க்கப் போன 66இல், ஊற்றி அரை நிமிடம் எதுவும் நடக்கவில்லை. விற்பவர் புன்னகைத்தார். அப்புறம் ஹீட்டர் பெட்டி விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. அதன் பின்னாலேயே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்கி, புதுச் சிவப்புக் கார்பெட்டில் பரவியது. அந்தக் கார்பெட்டைத் தூக்கினோம். தரையில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு தகரத்தை ரிவெட் அடித்து ஒட்டியிருந்தார்கள்.

கவுலைச் சரிசெய்வது பெரிய வேலை. நிறைய ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து எடுத்து, புதுத் தகடு வைத்து மீண்டும் வெல்ட் செய்ய வேண்டும். உதிரி மலிவு, கூலி அதிகம். ஒழுகினால் வாங்கவே கூடாது என்றில்லை. அந்தக் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

கதவும் கூரையும்

வண்டி சமதரையில் நிற்கும்போது கதவின் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் ஒரே அகலம் இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அடுத்து, முன்சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால், திறக்க மறுத்தால், ராக்கர் பலம் போய்விட்டது. வேறு காரணம் தேட வேண்டாம்.

கூரையை நீங்களே இரண்டு முறை திறந்து மூடுங்கள். கையால் மடிப்பதுதான் அன்றைய வழக்கம். மின்விசைக் கூரைக்குத் தனிக்காசு. மின்விசை என்றால் பின் இருக்கைக்குப் பின்னால் ஹைட்ராலிக் மோட்டார் இருக்கும், அங்கே எண்ணெய் கசிவு பாருங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தில் கொக்கி இயல்பாக மாட்ட வேண்டும். இரண்டு பேர் தொங்கி இழுத்தால்தான் மாட்டுகிறது என்றால் கூரைத் துணி சுருங்கியிருக்கலாம், அல்லது மேலே சொன்ன தொய்வாக இருக்கலாம். துணியைப் புதிதாகப் போடலாம், தொய்வு வேறு கதை.

ஓட்டிப் பாருங்கள்

வருவதற்கு முன் இன்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். குளிர்ந்த இன்ஜின் சொல்லும் உண்மையைச் சூடான இன்ஜின் சொல்லாது. நீலப் புகை, தட்டும் ஒலி, கொஞ்சம் பாருங்கள், போதும். இந்த இன்ஜின்கள் எளியவை, உதிரி எங்கும் கிடைக்கும், நல்ல மெக்கானிக்கும் கிடைப்பார்.

ரயில் பாதையோ கரடுமுரடான சாலையோ இருந்தால் அதன் மேல் மெதுவாக ஓட்டுங்கள். கன்வெர்டிபிள் கொஞ்சம் நடுங்கும், அது அதன் இயல்பு. முன்கண்ணாடிச் சட்டம் தனியே ஆடினாலோ கதவு முனகினாலோ திரும்பிப் போய் அடியில் மறுபடி படுங்கள்.

பிரேக்கை மட்டும் கவனமாகப் பாருங்கள். 65, 66இல் நாலு சக்கரத்துக்கும் ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர்தான். எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். 67இலிருந்துதான் இரட்டை அறை வந்தது. டயர் புதிதாகத் தெரிந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. காட்சிக்கே நின்ற வண்டிகளில் பதினைந்து ஆண்டுப் பழைய டயர் பளபளவென்று இருக்கும்.

விலையும் பத்திரமும்

விற்பவர் செலவழித்த தொகை விலை ஆகாது. ஹேகர்ட்டி போன்ற மதிப்பீட்டுப் பட்டியலில் அதே ஆண்டு, அதே இன்ஜின் எழுத்து, அதே நிலைமைக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். நிலைமையை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விளம்பரத்தில் எல்லா வண்டியும் அருமைதான். பெயின்ட் மங்கி, இருக்கை கிழிந்து, ஆனால் ராக்கரும் கவுலும் நன்றாக இருக்கும் வண்டிக்கு நான் மகிழ்ச்சியாகக் கூடுதல் கொடுப்பேன். டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் விற்பவர் பெயரிலேயே இருக்கிறதா, கடன் பாக்கி குறிப்பு இருக்கிறதா, எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம்.

காப்பீட்டுக்கு, விபத்தில் எவ்வளவு தருவார்கள் என்று முன்பே ஒப்புக்கொண்டு எழுதும் பழைய கார் பாலிசியை எடுங்கள். சாதாரணப் பாலிசியில் அறுபது வயது வண்டிக்கு ஒன்றும் தேறாது.

வீட்டுக்கு வந்த முதல் மாதம்

முதல் செலவு இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். மற்றதெல்லாம் அப்புறம். அடுத்து பெட்ரோல் ரப்பர் குழாய்கள்: இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும், கசிந்தால் சூடான இன்ஜின் மேலேயே விழும். பிறகு மூன்று முனை சீட் பெல்ட்; அன்று வந்தது இடுப்புப் பட்டை மட்டும்தான். இன்ஜின் ஆயில் வாங்கும்போது துத்தநாகம் கலந்த, பழைய இன்ஜினுக்கான வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கவுலில் சேரும் இலைகளை வருடத்துக்கு இரண்டு முறை வேக்குவம் வைத்து எடுங்கள். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கூரையை மூடியே வையுங்கள். மடித்து வைத்தால் வினைல் சுருங்கிவிடும், பிளாஸ்டிக் பின்கண்ணாடி மடிப்பிலேயே கீறிவிடும், வசந்தத்தில் கொக்கி எட்டாது.